இருபது கிலோவுக்குக் கீழே

நுவேவா பால்மிரா துறைமுக வாசலில்
இரவு எடைமேடை என்னுடையது.
சோயா லாரி ஏறும், எண் நடுங்கி நிற்கும், எழுதுவேன்.
நாற்பத்தைந்து டன்னில் இருபது கிலோ கூடினாலும்
ஓட்டுநரைக் கீழே இறக்கிவிடுவேன்.
இவோனிடம் கணக்கு உதைக்காது என்பார்கள்.

ஐம்பத்தெட்டாவது வரிசையில் உதைத்தது.

இரட்டைக் கட்டிலுக்கான போர்வை.
அடியில் நூற்றெண்பது கண்ணி.
மேலே எண்ணினால் நூற்றைம்பத்தொன்று.
ஃபிளாஸ்கைத் திறந்து மாத்தே ஊற்றிக் குடித்துவிட்டு
எதிர்த் திசையிலிருந்து எண்ணினேன்.
நூற்றைம்பத்தொன்று.

தரையில் விரித்துப் பார்த்தேன்.
ஓர் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேர்.
மறு ஓரம் கரை அரித்த ஆறு,
உள்ளே, இன்னும் உள்ளே.
சரிந்திருப்பது
அனிபால் படுக்கும் பக்கம்.

அனிபால் பன்னிரண்டு சரக்குப் படகுகளைத் தள்ளிக்கொண்டு
கொரும்பாவுக்குப் போயிருக்கிறான்.
தாது ஏற்றித் திரும்ப வேண்டும்.
ஆற்றில் தண்ணீர் குறைவு என்று
ஒரே ஒரு குரல்செய்தி, பாதி இயந்திரச் சத்தம்.

இரவுக்கு இரண்டு வரிசை பின்னினேன், இருபத்தொன்பது இரவு.
போகும் வரிசை எப்போதும் சரி.
திரும்பும் வரிசை முடிகிற நேரத்தில்தான்
முதல் லாரி ஹாரன் அடிக்கும்.
கடைசிக் கண்ணியோ
ஓரச் சங்கிலிக்குள் தலை குனிந்து நிற்கும்,
கண்ணி மாதிரியே இருக்காது,
யாரோ விட்டுப்போன முடிச்சு மாதிரி இருக்கும்.
அதைக் கோட்டை விட்டிருக்கிறேன்
ஒவ்வோர் இரவும், அதே இடத்தில்.

ஈரப்பதம் பார்க்கிற வால்டெமார்
குத்தூசியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.
"அடுத்த வரிசையில் இருபத்தொன்பதையும் சேர்த்துவிடு.
ஓரத்தில் அகலமாய் ஒரு கரை வை. யாருக்குத் தெரியும்?"
பதினாலு சதவீத ஈரத்தைப்
பதின்மூன்று என்று எழுதத் தெரிந்தவன்.
"எனக்குத் தெரியும்" என்றேன்.
"அதுதான் உன் நோய்" என்று அடுத்த லாரிக்குப் போனான்.

கொக்கிப் பின்னலில்
திறந்திருப்பது எப்போதும் ஒரே ஒரு கண்ணி.
மற்றதெல்லாம் சாத்திய கதவு.
நடுவில் ஒன்றை மட்டும் தட்டித் திறக்க முடியாது.
கடைசியாய் வந்தவன்தான் முதலில் வெளியேற வேண்டும்.

கொக்கியை உருவினேன்.
இழுத்தேன்.

டக், டக், டக் என்று
ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு.
நாற்பதில் ஒரு காப்பிக் கறை.
முப்பத்திரண்டில் கண்ணிகள் இறுகி இருந்தன,
அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த இரவு, நூல் வரமாட்டேன் என்றது.
பத்தொன்பதில் என் தலைமுடி ஒன்று.
முதல் தவறு இரண்டாம் வரிசையிலேயே இருந்தது.
எஞ்சியது ஒரு வரிசை,
நாய்க்குட்டிக்குக்கூடக் கழுத்தில் கட்டலாம், அவ்வளவுதான்.

நூல் கண்டாகவில்லை.
நெளிந்து நெளிந்து, தான் இருந்த இடத்தை மறக்காமல் கிடந்தது.
நனைத்துத் தொங்கவிட்டு
அடியில் ஃபிளாஸ்கைக் கட்டினேன்.
இரண்டு நாளில் ஏறக்குறைய நேரானது.

லாரி வராத ஒரு மூன்று மணிக்கு
நூல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு எடைமேடையில் ஏறினேன்.
அறுபது.
இறக்கி வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபது.
இருபது இருபதாய் மட்டும் எண்ணத் தெரிந்த இயந்திரம்.

மறுபடி இரண்டாம் வரிசை.
இம்முறை, குனிந்து நிற்கும் அந்தக் கடைசிக் கண்ணியில்
லாரிக் கதவுக்குப் போடுகிற
சிவப்பு பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டியிருக்கிறேன்.
ஹாரன் அடித்தாலும் கண்ணில் குத்தும்.

விடியலில் அனிபால் செய்தி: ரொசாரியோ தாண்டிவிட்டானாம்.
போர்வை முடிந்ததா என்று கேட்டிருந்தான்.
பதில் போடவில்லை.
முதலில் பதிவேடு, சீலுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

சீல் எண் 004417.
லாரி: இல்லை.
சரக்கு: கம்பளி நூல், சாம்பல் நிறம்.
நிகர எடை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.